சேவல் கேட்காத முனி

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "என்னைய எதுக்குடி பேப்பர்ல போட்ட?" என்று கேட்டுக்கொண்டு ஹட்டனுக்கே பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து சண்டை போட்டுவிட்டு, ஒரு கோப்பை பாலில்லாத சாயத்தண்ணி குடித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்கு அது சந்தோஷம்தான். என்றாலும் வம்பு வேண்டாம். அக்கா என்றே சொல்கிறேன்.

நான் வட்டவளையில் பிறந்து, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறை அக்காவுடையது. அவர், அவருடைய கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவருக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. மாமியார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் என்று பேர். ஓய்வு என்ற சொல்லை அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினால் அவருக்கே கோபம் வரும். விறகு பொறுக்குவார், கீரைப் பாத்தி கொத்துவார், ஒன்றும் இல்லாவிட்டால் கழுவிய சட்டியையே மறுபடி கழுவுவார்.

எங்கள் தோட்டத்தில் பொம்பளையாகப் பிறந்தவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு, ரொட்டி, பிள்ளைகளின் சீருடை. அப்புறம் பேர் பதிகிற பெரட்டுக் களத்துக்கு ஓட்டம், அங்கிருந்து தேயிலை மலைக்கு ஓட்டம். பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் வீட்டுக்கு ஓட்டம், தண்ணீருக்குப் பீலிக் குழாயடிக்கு ஓட்டம், மறுபடி அடுப்பு. ஆம்பிளைகள் கடை முன்னால் காலை நீட்டிக்கொண்டு நாள் பூராவும் இருப்பார்கள். ஏனய்யா சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர்களை ஒருவரும் கேட்டதில்லை.

அக்கா உட்காருவார். அதுதான் அவர் செய்த குற்றம்.

பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றவர்கள் குறுக்குப் பாதையில் லயத்துக்கு இறங்குவோம். அக்கா மட்டும் ரோட்டு வளைவுக்குப் போவார். அங்கே ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் தட்டையான பாறை ஒன்று உண்டு. கீழே நீர்த்தேக்கம் தெரியும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து மடித்துப் பாறையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, தலையில் கட்டிய துணியை எடுத்துக் கூந்தலை அவிழ்த்துவிடுவார். ஹட்டன் பஸ் அந்த வளைவில் முக்கி முனகி ஏறிப் போகும் வரை அப்படியே இருப்பார். பஸ் போனதும் எழுந்து கொண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

புதுப்பெண்ணாகப் போன நாளில் ஒருமுறை போய்க் கேட்டேன்.

"என்ன செய்றீங்க அக்கா?"

"உக்காந்திருக்கேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

"யாருக்காச்சும் காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத்தான். நான் இன்னும் மலையில இருந்து வந்து சேரலை. வந்ததும் ரெண்டு பேருமா வீட்டுக்குப் போவோம்" என்றார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நகர்ந்து எனக்கும் பாறையில் இடம் கொடுத்தார்.

பாறையில் உட்கார ஒரு நிபந்தனை உண்டு. பிரயோசனமான பேச்சு பேசக்கூடாது. மாவு விலை, பிள்ளையின் பரீட்சை, கங்காணியின் குரைப்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று எதை எடுத்தாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். "இது பிரயோசனமா இருக்கு, வேணாம்." அப்படியானால் எதைப் பேசுவது? பஸ் டிரைவர்களில் யார் ஹாரனை அழகாக அடிக்கிறார், பலாக்கொட்டையை அவித்தால் ருசியா சுட்டால் ருசியா, குரங்குக்கு வெட்கம் உண்டா, இப்படி. ஒருநாள் பின்னேரம் முழுவதும் மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொப்பி போடாவிட்டால் எப்படி இருப்பார் என்றே பேசினோம். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போய்ச் சமைத்தால், அன்றைக்குக் குழம்பு கூட நன்றாக இருந்தது.

இதெல்லாம் அவருக்கு விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அக்காவுக்கு ஒரு கூடப்பிறந்த அக்கா உண்டு. கெட்டிக்காரி, பம்பரமாய்ச் சுற்றுகிறவர், உட்கார்ந்து சோறு தின்னாதவர் என்று ஊரே மெச்சிய மனுஷி. அந்த மனுஷி ஒருநாள் மலையில் நடு நிரையில் நின்றுவிட்டார். கை செடி மேல் இருக்கிறது, அசையவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்புறம் மாதக் கணக்கில் பேச்சில்லை, தூக்கமில்லை, பெற்ற பிள்ளையையே ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல மீண்டு வந்தார். இப்போது சுகமாக இருக்கிறார்.

"டாக்டர் சொன்னாரு, இது யாருக்கும் வரலாம், ஒருத்தர் மேலயும் குத்தமில்லைன்னு" என்றார் அக்கா. "ஆனா எனக்குப் பயம் தங்கச்சி. நானும் அவ மாதிரியே பறக்குறவதான். மனசுக்கும் மூச்சு வாங்குமுல்ல? நான் ஒரு நாளைக்கு இந்தக் கொஞ்ச நேரம் உக்காரலைன்னா அடுத்த நாள் கை நடுங்குது. புள்ளைங்க மேல எரிஞ்சு விழுறேன். அதனால உக்காருறேன். இதை மட்டும் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

விட்டுக்கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அதற்குக் காரணம் அவர் தேர்ந்தெடுத்த இடம்.

பாறைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டோரத்தில், முனி இருக்கிறது. ஒரு கல், ஒரு சூலம், சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழங்கள். எங்கள் தோட்டங்களில் சாமிக்குப் பஞ்சமில்லை. ஸ்டோரில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரோதைமுனி, செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. இந்த வளைவு முனி கொஞ்சம் கோபக்காரர் என்று பேர். பொழுது சாயும் நேரத்தில், முனிக்கு முன்னால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு பொம்பளை தன்னந்தனியே உட்கார்ந்து தானாகச் சிரிக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பழைய கங்காணி ஒருவர் அதைக் கண்டார். கண்டதை அக்காவின் மாமியாரிடம் சொன்னார். மாமியாரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பெரியம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்: மருமகளை முனி பிடித்திருக்கிறது.

"அத்தை, முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அசதியா இருக்கு, உக்காந்துட்டு வாரேன்."

"அசதியா? நானும் அந்த மலையிலதானே கொழுந்து எடுத்தேன். எனக்கு வராத அசதி உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அதான் முனின்னு சொல்றேன்."

கணவர் நல்ல மனிதர். ஆனால் தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நிற்கும் நல்ல மனிதர்களால் ஒரு சல்லிக்குப் பிரயோசனமில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஸ்டோர் வேலைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பூசாரி வருவார், முனி இறங்கினால் சரி, இறங்காவிட்டால் மருமகளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று பெரியம்மா லயத்துக்கே கேட்கச் சொன்னார். அன்று பின்னேரம் அக்கா பாறைக்குப் போகவில்லை. வாசலில் வந்து நின்று வளைவைப் பார்த்தார். பஸ் முனகி ஏறிப் போகும் வரை அங்கேயே நின்றார். நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லயத்து வாசல் நிறைந்துவிட்டது. பக்கத்து டிவிசனிலிருந்து வந்த பூசாரி தடித்த ஆள், உடுக்கைச் சத்தம் அவரைவிடத் தடித்தது. மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, எலுமிச்சை, சாம்பிராணி எல்லாம் தயார். பெரியம்மா வாங்கிய சேவல் காலில் கயிற்றோடு ஒரு மூலையில் கிடந்து எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தது. அக்காவை நடுவில் மனைக்கட்டையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததற்காகப் பிடித்து வந்தவரை மறுபடி உட்கார வைத்ததில் எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

உடுக்கை அடித்து ஓய்ந்ததும் பூசாரி கேட்டார்: "சொல்லு! யாரு நீ?"

"நான்தாங்க. இவரோட பொண்டாட்டி."

"பொய் சொல்லுது!" வேப்பிலையால் தோளில் ஒரு போடு. "யாரு நீ?"

"அட, நான்தாங்க ஐயா!"

இன்னொரு போடு. கூட்டம் அப்படித்தான் என்று தலையாட்டியது. உண்மையைச் சொன்னால் அடி விழுகிற இடத்தில் என்ன செய்வார்? அக்கா கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு மினுக்கம். அப்புறம் தலையை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டி, கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு, அடித்தொண்டையில், "சரி. முனிதான்" என்றார்.

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. பூசாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படி வா வழிக்கு! என்ன வேணும் உனக்கு? சேவலா? சாராயமா? சுருட்டா?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாமுன்னா எப்படி? கேளு!"

"சேவலை அவுத்து விடு. எனக்கு அது வேணாம். இந்தப் புள்ளைய தெனமும் பொழுது சாயுற நேரத்துக்கு என் எதுக்க சும்மா உக்கார விடணும். யாரும் கூப்பிடக் கூடாது, ஏன்னு கேக்கக் கூடாது. விட்டா, நான் இவளைத் தொட மாட்டேன். தடுத்தா, இறங்க மாட்டேன்."

பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அனுபவத்தில் இப்படி ஒரு முனியை அவர் சந்தித்ததில்லை. பெரியம்மாதான் முதலில் சுதாரித்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிறாற்போல் ஆரம்பித்தார்.

"சாமி, வெள்ளிக்கிழமை மட்டும் உக்காந்தா போதாதா?"

"தெனமும்."

"மழை பேஞ்சா சாமி?"

"குடை புடிச்சுக்கிட்டு உக்காரட்டும்."

"அப்ப வீட்டுல யாரு சாமி அடுப்பு பத்த வைக்கிறது?"

முனி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் விரலை நீட்டி, தூணோரம் பதுங்கி நின்ற கணவரைக் காட்டியது. "அவன்."

கணவர் வாயைத் திறந்தார், மூடினார், கும்பிட்டார். பூசாரி ஒருமுறை தொண்டையைச் செருமி, "சாமி வாக்கு. மீறக்கூடாது" என்று சொல்லிக் கையோடு தேங்காயை உடைத்துவிட்டார். புத்திசாலி மனுஷன். முனிக்கு வேண்டாத சேவலை வீணாக்காமல் அவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பாறையில் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, நெசமாவே முனியா?"

"வேப்பெலை அடி நெசம்" என்றார் தோளைத் தடவிக்கொண்டு. "கன்னத்துல போட்டுக்கிட்டேன் தங்கச்சி. எதுக்க இருக்க சாமிகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன். அவருக்கு என் நெலமை தெரியும். அவரும் சும்மா உக்காந்திருக்கவருதானே."

அந்த மாதத்திலேயே முனி பரவ ஆரம்பித்தது. மேல் லயத்தில் ஒருத்தியைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பக்கூடாது என்றது. பீலிக்கரை வீட்டுக்காரியைப் பிடித்து, சண்டை போட்ட தங்கச்சியைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போய்வர வேண்டும் என்றது. ஒரு முனியும் சேவல் கேட்கவில்லை, சாராயம் கேட்கவில்லை. அது முனி சம்பிரதாயமே இல்லை என்று கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஆம்பிளைகள் பேசிக்கொண்டார்கள். பூசாரியைக் கேட்டபோது, "காலம் மாறினா சாமியும் மாறும்" என்று சொல்லிவிட்டாராம்.

உட்கார்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அக்கா நினைத்தவர் அல்ல. என் மூத்த மகள் பிறந்த பிறகு ஒரு கெட்ட காலம் வந்தது. பிள்ளையைத் தூக்கத் தோன்றாது. காரணமில்லாமல் கண்ணீர் கொட்டும். அக்கா என்னைப் பாறைக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொண்டார். பிரயோசனமில்லாத பேச்சையெல்லாம் பேசிப் பார்த்தார். ஒன்றுக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாள் பார்த்துவிட்டு, "இது உக்காந்து தீருற சங்கதி இல்ல தங்கச்சி. எங்க அக்காவ நான் பாத்திருக்கேன். கிளம்பு, ஹட்டனுக்குப் போவோம்" என்று பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர். "என்னக்கா, அக்காவும் தங்கச்சியுமா எங்க, கடைத்தெருவுக்கா?"

"இல்லப்பா, மனசு டாக்டர்கிட்ட" என்றார் அக்கா, பஸ் முழுவதும் கேட்க.

எனக்கு ஜன்னல் வழியே குதித்துவிடலாம் போல இருந்தது. அந்தக் கண்டக்டர் ஒன்றும் நினைக்கவில்லை, டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு நகர்ந்தார். ஆனால் முன் சீட்டில் இருந்த ஒரு பொம்பளை மெல்லத் திரும்பி, முந்தானையால் பாதி வாயை மூடிக்கொண்டு, "அந்த டாக்டரு எந்தக் கெழமை வருவாரு அக்கா?" என்று கேட்டார். அக்கா கிழமை சொன்னார், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று சொன்னார், அந்தப் பொம்பளை இறங்கும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் மருந்து எடுத்தேன், சொன்ன தேதிகளில் போய் வந்தேன். ஒருநாள் பாறையில் குரங்கு ஒன்று அக்காவின் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா குடையை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவர் மற்றவர்களுக்கும் இப்படித்தான். ஒருமுறை மன அமைதி பற்றி வகுப்பெடுக்க ஒரு சின்ன வயசு மிஸ் தோட்டத்துக்கு வந்தார். கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள் என்றார். வேலை முடிந்து வந்த பொம்பளைகள் நாங்கள். மூடிய கண்ணை யார் திறந்தார்கள்? மண்டபம் முழுவதும் குறட்டை. மிஸ்ஸுக்கு முகம் வாடிவிட்டது. அக்கா ஒரு கண்ணைத் திறந்து, "நல்லா சொல்லிக் குடுத்தீங்க மிஸ், பலிச்சிருச்சு. நீங்களும் காலையில இருந்து பஸ்ஸுல அலைஞ்சிருப்பீங்க. கொஞ்சம் சாஞ்சுக்கங்க" என்று தன் தோளைக் காட்டினார். மிஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாய்ந்தவர் தூங்கியும் போனார்.

பெரியம்மா மட்டும் மசியவில்லை. முனியின் வாக்குக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாரே தவிர, முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார். மகன் அடுப்பு ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். ஆரம்பத்தில் அந்த மனிதர் சுட்ட ரொட்டியைக் கண்டு நாய் கூடத் தயங்கியது. போகப் போக நன்றாகவே சுட்டார். மிளகாய் வைத்துக் கட்டைச் சம்பல் கூட இடிக்கக் கற்றுக்கொண்டார். அதுதான் பெரியம்மாவுக்கு வினையாக முடிந்தது. மகன் சமைக்கிற நேரத்தில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது.

நாங்கள் ஹட்டனுக்குக் குடிபெயர்வதற்குக் கொஞ்சம் முந்தி, மழை விட்ட ஒரு பின்னேரம், நானும் அக்காவும் பாறையில் இருந்தோம். ரோட்டில் பெரியம்மா வருவது தெரிந்தது. கையில் ஒரு கட்டுக் கீரை. வந்த வேகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

"என்னைய அடுப்படியில இருந்து போகச் சொல்லிட்டான் ஒம் புருசன். நான் நின்னா அவனுக்குக் கை ஓடலையாம்" என்றார்.

"உக்காருங்க அத்தை."

"உக்காருறதுக்கா வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கீரைக்கட்டை மடியில் போட்டு ஆயத் தொடங்கினார். அக்கா கீரைக்கட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பெரியம்மாவின் கைகள் வெறுமனே மடியில் கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சேலை ஓரத்தை மடித்தார், விரித்தார். காய்ப்பு ஏறி, தேயிலைக் கறை நகத்தோடு ஊறிப்போன கைகள்.

"அந்த விறகு நனைஞ்சு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் அத்தை."

"நாளைக்கு மாவு..."

"அதுவும் வேணாம்."

"அப்ப என்னத்தடி பேசுறது?"

"பேசணும்னு இல்ல."

மழை விட்ட வெளிச்சம் கீழே தண்ணீரில் மினுங்கியது. ஒரு கொக்கு தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து அக்கரைக்குப் போனது. ஹட்டன் பஸ் வளைவில் முனகிக்கொண்டு ஏறி, எங்களுக்காக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எழுந்திருக்க வேண்டிய நேரம். நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"நான் பொறந்ததுல இருந்து இந்த மலையிலதான் இருக்கேன்" என்றார். "இந்தத் தண்ணி இவ்வளவு அழகா இருக்குன்னு எனக்குத் தெரியாதுடி. நான் நிமிந்தே பாத்ததில்ல."

அக்கா அவருடைய கை மேல் தன் கையை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டப் போகுது, போகலாமா அத்தை?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க முன்னால போங்க. நான் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."

நாங்கள் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் அக்காவின் கணவர் பதறிக்கொண்டு எதிரே ஏறி வந்தார். கையெல்லாம் மாவு.

"அம்மாவைக் காணோமே, எங்க போச்சு?"

அக்கா அவர் தோளைப் பிடித்து லயத்துப் பக்கமாகத் திருப்பினார். "அத்தை உக்காந்திருக்காங்க" என்றார். "கூப்பிடாதீங்க."